பிரீதர் ஹோஸை எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே விடலாமா?

நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது காற்றில் குளிரும் 150 சிசி எஞ்சின், கார்பரேட்டர் பைக், 40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எயார் ஃபில்டரை மாற்றக் கழற்றினால் அதன் அடிப்பக்கம் ஒயிலில் ஊறிக் கிடக்கிறதாம், பெட்டிக்குள் பால்தேத்தண்ணி நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று தேங்கியிருக்கிறதாம். எஞ்சினின் மூச்சுக் குழாயான பிரீதர் ஹோஸைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, நீளமாக ஒரு ஹோஸ் போட்டுப் பின்னுக்குக் கீழே விட்டால் ஃபில்டரும் சுத்தமாக இருக்கும், இழுவையும் கூடும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். செய்யலாமா, செய்வதென்றால் எப்படி?

செய்யலாம் தம்பி, எஞ்சின் ஒன்றும் வெடித்துவிடாது. ஆனால் அப்படியே நிரந்தரமாக விடாதீர்கள். ஒன்றிரண்டு கிழமைக்கு மட்டும் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, ஒயில் எதனால் வருகிறது என்று பிடித்து, அதைத் திருத்திவிட்டுப் பழைய இடத்திலேயே மாட்டிவிடுங்கள்.

அந்த ஹோஸ் எதற்கு இருக்கிறது என்று விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும். பிஸ்டனுக்கு மேலே நடப்பதைத்தான் எல்லோரும் யோசிப்பார்கள். ஆனால் அது இறங்கும்போது கீழே கிராங்க் கேஸுக்குள், அதாவது கிராங்க் சுற்றுகிற அடிப்பெட்டிக்குள், இருக்கிற காற்றையும் அமுக்குகிறது, ஏறும்போது இழுக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் 150 சிசி எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் 150 கன சென்ரிமீற்றர் அளவு இடம் கீழே குறைந்து கூடுகிறது, 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) போனால் இது செக்கனுக்கு 100 தடவை. இதோடு, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற றிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் அதன் ஓரத்தால் கீழே நழுவும், அதில் நீராவி, எரியாத பெற்றோல், கரி எல்லாம் இருக்கும். உள்ளே கியரும் கிராங்கும் அடித்துத் தெறிக்கிற ஒயில் மூடுபனி வேறு. இவ்வளவும் சேர்ந்துதான் பிரீதரால் வருகிறது. வழி விடாவிட்டால் அமுக்கம் ஏறி ஒயில் சீல், காஸ்கட், ஒயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கின் வாய் என்று பலவீனமான இடமாகப் பார்த்து ஒயிலைத் தள்ளும். அதனால் என்ன செய்தாலும் ஹோஸின் வாயை மட்டும் அடைக்கக் கூடாது. ஃபில்டர் நனைகிறது என்று அந்த ஹோஸுக்குள் போல்ட் ஒன்றைத் திணித்துவிட்டு, அப்புறம் கியர் ஷாஃப்ட் சீலால் ஒயில் ஒழுகுகிறது என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இதைத்தான் உங்கள் கூட்டாளிகள் கவனிக்கவில்லை: ஹோஸ் வெளியே ஊதுவதோடு நிற்பதில்லை, உள்ளேயும் இழுக்கிறது. பெட்டிக்குள் மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஃபில்டரின் சுத்தமான பக்கத்துக் காற்றை இழுக்கும். கீழே திறந்து விட்டால் ரோட்டுக் காற்றை இழுக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் குச்சவெளிப் பக்கம் ஒருதரம் போய்வந்து பின் மட்கார்டைத் தடவிப் பாருங்கள், அந்தத் தூசியும் மணலும் உப்பும்தான் ஹோஸ் வாயிலும் ஒட்டும், ஒயில் ஈரம் இருப்பதால் இன்னும் நன்றாகவே ஒட்டும். மாரியில் வேறு வில்லங்கம். சூடான எஞ்சினோடு வெள்ளத்துக்குள் இறங்குகிறீர்கள், எஞ்சின் நின்றுபோகிறது, உள்ளே இருக்கிற வாயு குளிர்ந்து சுருங்குகிறது, ஹோஸ் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அந்தத் தண்ணீர் மேலே ஏறி ஒயிலுக்குள் போகப் பார்க்கும். நவம்பர், டிசம்பரில் இங்கே ரோட்டில் தண்ணீர் நிற்காத இடம் எது என்று தேட வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இழுவை கூடும் என்பதைப் பற்றி: கூடாது. பிரீதரால் வருகிற வாயு கார்பரேட்டர் இழுக்கிற காற்றோடு பார்த்தால் கொஞ்சம்தான், அதை எடுத்துவிட்டதால் ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒயிலில் ஊறிய ஃபில்டரை மாற்றியதால் வருகிற வித்தியாசத்தைத்தான் ஹோஸின் கணக்கில் எழுதுகிறார்கள்.

கம்பனிகள் இதை ஏன் பெட்டிக்குள் விட்டன என்றால், புகைச் சட்டம். பழைய பிரித்தானிய பைக்குகளில் பிரீதர் வெளியேதான் ஊதும், சிலவற்றில் பின் செயினுக்கு ஒயில் விடுகிற வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கார்களில் கலிபோர்னியா 1960களின் தொடக்கத்தில் இதற்கு முடிவு கட்டியது, மோட்டார் சைக்கிள்களுக்கு அமெரிக்கா 1978 மாடலிலிருந்து தடை போட்டது. வெளியே ஊதுகிற அந்த வாயுவில் எரியாத பெற்றோல் இருக்கிறது என்பதால் சும்மா புகை என்று தள்ளிவிட முடியாது, நிறுத்தி வைத்த பைக்கில் மணமும் வரும்.

சரி, உங்கள் பெட்டிக்குள் ஏன் ஒயில் வருகிறது? முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். உண்மையில் பாதிப் பேருக்கு இங்கேயே கதை முடிந்துவிடும். இந்த வகை எஞ்சின்களுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர்தான் ஒயில், ஒயில் ஃபில்டரை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றினால் அதற்கும் குறைவு. ஆனால் போத்தலை உடைத்தால் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிவிடுகிற பழக்கம் பல கராஜ்களில் இருக்கிறது, மிச்சம் பிடிப்பது அவர்களுக்கும் கரைச்சல், நமக்கும் காசு கொடுத்து வாங்கியதை விட மனமில்லை. கூடிய ஒயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கி பிரீதரால் தள்ளிவிடும். அளவு பார்க்கிற முறையிலும் பிழை விடுகிறார்கள். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பைக்கை நடு ஸ்டாண்டில் நேராக வைத்துப் பார்க்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்ந்தபடி பார்த்தால் அளவு பொய் சொல்லும். டிப் ஸ்டிக் என்றால் அதைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது பைக்குக்குப் பைக் மாறும், பல பைக்குகளில் திருகக் கூடாது. திருகிப் பார்த்து, காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுவார்கள். உங்கள் பைக்கின் கையேட்டில் ஒரு வரியில் இருக்கும், பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அந்தப் பால்தேத்தண்ணிக் கூழ். அது ஒயிலும் தண்ணீரும் கலந்தது. உங்களுடையது காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற நீர்) கலந்துவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கோயிலுக்கு என்று கிட்டக் கிட்ட ஓடி நிறுத்தினால் எஞ்சின் முழுசாகச் சூடேறாது, நீராவி வெளியேறாமல் உள்ளேயே படிந்து இப்படி ஆகும். மாரியில் இன்னும் கூட. சேர்விஸ் நிலையத்தில் பிரஷர் கன்னைச் சீட்டுக்கு அடியில் காட்டிக் கழுவினாலும் பெட்டிக்குள் தண்ணீர் போகும்.

பெட்டியின் அடியில், பெரும்பாலான பைக்குகளில், விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ரியூப் தொங்கும், நுனி மூடியிருக்கும். இந்தக் கூழ் வந்து தங்குவதற்கென்றே வைத்தது அது. மூடியைக் கழற்றி வடித்துவிட வேண்டும், மழைக்காலத்தில் மாதம் ஒருதரமாவது. அது நிரம்பி வழிந்துதான் உங்கள் ஃபில்டர் அடியில் ஊறியிருக்கும் என்பது என் சந்தேகம், அடிப்பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம், சில கம்பனிகளின் பேப்பர் ஃபில்டர் புதிதாக வரும்போதே ஒயில் பூசினது போல ஈரப்பசையாக இருக்கும். அது அப்படித்தான், அதைப் பெற்றோலில் கழுவவோ காற்றடிக்கவோ வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒயில் வந்தால்தான் றிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் மூடியை மெல்லத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். ஒற்றைச் சிலிண்டரில் பக் பக் என்று காற்றுத் தட்டுவது இயல்பு. இடைவிடாமல் புகை எழுந்தால் இயல்பில்லை. கொம்ப்ரஷன் பார்க்கிற கராஜுக்குக் கொண்டுபோய் ஒருதரம் அப்படியேயும், பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுதரமும் அளக்கச் சொல்லுங்கள். ஒயில் விட்டபின் அளவு நன்றாக ஏறினால் றிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது, ஹோஸை எங்கே திருப்பினாலும் அது தேயாமல் போகாது.

இப்போது அந்த ஹோஸ் வேலைக்கு வருவோம். நீலப் புகை வருகிற பைக்குக்கு இது நல்ல பரிசோதனை, ஏனென்றால் பெட்டி வழியாகப் போகிற ஒயிலும் எரிந்து நீலப் புகையாகத்தான் வரும். ஹோஸைக் கழற்றிச் சில நாள் ஓட்டி, புகை நின்றுவிட்டால் ஒயில் பிரீதரால் போயிருக்கிறது என்று தெரியும். நிற்காவிட்டால் றிங் அல்லது வால்வு சீல். இதைப் பார்க்காமலே எஞ்சினைப் பிரித்துக் காசைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கழற்றும்போது சரியான ஹோஸைப் பிடியுங்கள். சில பைக்குகளில் பெட்டியிலிருந்து இன்னொரு ஹோஸும் எஞ்சின் தலைக்குப் போகும், அது எக்ஸோஸ்டுக்குப் புதுக்காற்று கொடுத்து மிச்சப் புகையை எரிக்கிற வேலைக்கு. நடுவில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து அடையாளம் பிடிக்கலாம். அதைத் தொடாதீர்கள்.

பிரீதரைக் கழற்றியதும் பெட்டியில் உள்ள துவாரத்தை ரப்பர் மூடி போட்டுக் கிளிப்பால் இறுக்குங்கள், இதை மறந்தால் ஃபில்டருக்குப் பின்னால் தூசிக்காற்று நேரே கார்பரேட்டருக்குள் போகும், இழுவை கூடும் என்று செய்த வேலை பிஸ்டனை உரசும் வேலையாகிவிடும். புது ஹோஸ் பழையதன் உள் விட்டத்துக்குக் குறையக் கூடாது, ஒயிலும் சூடும் தாங்குகிற ரப்பராக இருக்க வேண்டும். மீன் தொட்டிக்கு விற்கிற தெளிந்த பிளாஸ்டிக் ரியூப் சூட்டில் இளகி மடியும், மடிந்தால் அடைத்தது மாதிரித்தான். எஞ்சினிலிருந்து முதலில் மேலே ஏற்றி, சீட்டுக்கு அடியில் கொண்டுபோங்கள். அப்போது கொஞ்ச ஒயிலாவது வழிந்து எஞ்சினுக்கே திரும்பும். நடுவில் தொங்கிப் பள்ளம் விழ விடாதீர்கள், அதில் தண்ணீர் தேங்கி வழியை மறிக்கும். சைலன்சரிலிருந்து விலக்கி வையுங்கள்.

போத்தல் என்றால் குடிதண்ணீர்ப் போத்தல் இல்லை, சூடு தாங்குகிற கனமான பிளாஸ்டிக் அல்லது அலுமினியம். அதில் ஒயில் வருகிற வாய் ஒன்று, காற்றுப் போக மேலே குட்டி ஃபில்டர் போட்ட வாய் ஒன்று. காற்று வாய் இல்லாமல் இறுக்கி மூடினால் மறுபடி அமுக்கம்தான். குட்டி ஃபில்டரை நேரே எஞ்சினில் சொருகுவதும் கடையில் காட்டுவார்கள், மழையில் நனையும், ஒயில் கசிந்து எஞ்சினெல்லாம் தூசி அப்பும், எனக்கு அது பிடிப்பதில்லை. ஹோஸைப் பின் ரயர் பக்கமாக விடுவது எல்லாவற்றிலும் மோசம். ஒயில் ரயரில் பட்டு, மழை தூறிய ரோட்டில் ஒரு வளைவில் சாய்க்கும்போதுதான் தெரியும்.

வாரக் கடைசியில் போத்தலைப் பாருங்கள். பால் நிறத்தில் கொஞ்சம் கிடந்தால் அது நீராவிதான், பயமில்லை. நல்ல கறுப்பு ஒயில் தேங்கி, எஞ்சினிலும் அளவு இறங்கியிருந்தால் கராஜுக்குப் போங்கள். போத்தலில் சேர்ந்ததைத் திரும்ப எஞ்சினுக்குள் ஊற்ற வேண்டாம், அதில் தண்ணீரும் அமிலமும் இருக்கிறது. கடற்கரை மணலிலும் ஊற்ற வேண்டாம், பழைய ஒயில் பரல் வைத்திருக்கிற கராஜில் கொடுத்துவிடுங்கள்.

ஒயில் அளவைச் சரியாக்கி, அடி ரியூபை வடித்து, பெட்டிக்குள் துணியால் துடைத்து, புது ஃபில்டர் போட்டு ஹோஸைப் பழையபடி மாட்டுங்கள். அடுத்த சேர்விஸில் ஒயில் ஊற்றும்போது பக்கத்திலேயே நின்று, அளவு வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். மிச்ச ஒயிலைப் போத்தலோடு வீட்டுக்குக் கொண்டுவரலாம்.