டிக்கெட்டில் ‘சொந்தப் பொறுப்பு’ என்று அச்சடித்தால் வழக்குப் போட முடியாதா?

கேள்வி: காணும் பொங்கலன்று குடும்பத்தோடு ஓர் அணைப் பூங்காவுக்குப் போனோம். எட்டுப் பேர் உட்காரும் மோட்டார் படகில் பதினொரு பேரை ஏற்றினார்கள். என் நான்கு வயது மகளுக்குப் பெரியவர்கள் போடும் லைஃப் ஜாக்கெட்டையே மாட்டினார்கள். திரும்பும்போது படகு படித்துறையில் மோதியதில் என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. மகள் தண்ணீரில் விழுந்தாள், உடனே தூக்கிவிட்டோம். நஷ்ட ஈடு கேட்டால், ‘பயணம் சொந்தப் பொறுப்பில்’ என்ற டிக்கெட் வரியைக் காட்டுகிறார் குத்தகைதாரர். குழந்தைக்கு டிக்கெட்டே எடுக்கவில்லையே என்றும் கேட்கிறார்.

பதில்: குழந்தை பத்திரமாக இருக்கிறாளே, அதுதான் முதல் ஆறுதல். அந்த ஒரு வரிக்காகப் பின்வாங்காதீர்கள். தண்ணீர் தெறித்துச் சட்டை நனைந்தால் அது உங்கள் பொறுப்பு. கூடுதலாக ஆள் ஏற்றியதும், குழந்தை அளவு ஜாக்கெட் வைக்காததும் அவர்கள் பொறுப்பு. காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. அவர்களாகவே அச்சடித்துக்கொண்ட வாசகம் அதை மறைத்துவிடாது.

குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்பதும் எடுபடாது. நீங்கள் காசு கட்டிய சவாரியின் பயனாளி அவள். ஒரு மருத்துவமனை வழக்கில் பெற்றோர், குழந்தை இரு தரப்பையுமே நுகர்வோராக 1998-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தேக்கடியில், முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தில், 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுபவர்களைச் சும்மா விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உயிருக்கு ஆபத்தாகும்படி வாடகைப் படகில் ஆள் ஏற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 284-ம் பிரிவில் குற்றமும்கூட. அந்தப் பகுதி காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

அப்புறம், படகில் எடுத்த போட்டோக்களை அழித்துவிடாதீர்கள். எத்தனை தலைகள், குழந்தையின் ஜாக்கெட் எவ்வளவு தொளதொள என்பதெல்லாம் அதில் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது போதாது, போனில் இருக்கும் ஒரிஜினல் வேண்டும். படகுத்துறையின் சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள், நாளானால் அழிந்துவிடும். படகு விடும் உரிமையைக் கொடுத்தது அரசு அமைப்பு என்றால், குத்தகை ஒப்பந்த நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்த அமைப்பையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

வழக்குக்காக அணை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.