உறுமல் குரல் தடுக்கிறதா? இப்படிக் கேட்டுப் பாருங்கள்

ஸ்வீடன் மெட்டல் இசைக்குழுவான ஓபெத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) ஆல்பத்தில் மெல்லிசைப் பகுதிகள் பிடிக்கின்றன, ஆனால் உறுமல் குரலால் முதல் பாட்டையே தாண்ட முடியவில்லை என்கிறீர்கள். சரி, வரிசைப்படி கேட்க வேண்டாம்.

'ஹார்வெஸ்ட்' பாட்டில் தொடங்குங்கள். அதில் உறுமலே கிடையாது. அப்புறம் 'தி டிரேப்பரி ஃபால்ஸ்'. கிட்டத்தட்ட 11 நிமிடப் பாட்டு. குழுவின் பாடகர் மிகேல் ஓக்கர்ஃபெல்ட் முதலில் இனிமையாகத்தான் பாடுகிறார், உறுமல் வெகுநேரம் கழித்தே வரும். அது வரும்போது சொற்களைத் தேடாமல், இன்னொரு வாத்தியம்போல் கேளுங்கள். அந்த இரண்டு குரல்களும் மாறுகிற இடம்தான் எனக்கு இந்த ஆல்பத்தின் உயிர்! தயாரிப்பில் கைகொடுத்த ஸ்டீவன் வில்சனின் பின்னணிக் குரலும் பியானோவும் ஹெட்ஃபோனில் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அப்படியும் ஒட்டவில்லை என்றால், அதே குழுவின், 2003இல் வந்த 'டாம்னேஷன்' இருக்கிறது. முழுக்க உறுமல் இல்லாத ஆல்பம்.