கப்பல் கேபினில் அம்மா விளக்கேற்றலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “தை அமாவாசையை ஒட்டி அப்பா, அம்மாவோடு சிங்கப்பூரிலிருந்து 4 இரவு குரூஸ் போகிறோம். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். அம்மாவுக்கு 68 வயது. காலையில் குளித்து விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அப்பாவுக்கு 74, சர்க்கரை இருக்கிறது, ராத்திரி தூக்க மாத்திரை போடுகிறார், அமாவாசைத் தர்ப்பணம் இதுவரை விட்டதில்லை. ஏஜென்ட்டைக் கேட்டால் ‘எல்லாம் எடுத்துக்கலாம் மேடம், கவலையே படாதீங்க’ என்கிறார். நிஜமாகவே எல்லாம் எடுத்துப் போகலாமா? பெட்டியில் எதை வைப்பது?”

அம்மாவின் விளக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விளக்கைக் கொண்டு போகலாம், ஏற்ற முடியாது. தீப்பெட்டி, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, எண்ணெய்த் திரி எதையும் கேபினில் கொளுத்தக் கூடாது. கற்பூரமும் தீப்பெட்டியும் கப்பல் வரைக்கும்கூடப் போகாது. கற்பூரம் சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள் என்பதால் விமானத்திலேயே தடை. “ஒரே ஒரு நிமிஷம், ஒரே ஒரு திரி” என்று கெஞ்சினாலும் நடக்காது. கேபின் கூரையில் இருக்கும் கருவி புகையை முகர்ந்தால் மணி முதலில் அடிப்பது கப்பலை ஓட்டும் இடத்தில். கொஞ்ச நேரத்தில் தீயணைக்கும் ஆட்கள் உங்கள் கதவைத் தட்டுவார்கள்.

இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பல் ஜமைக்கா பக்கம் போய்க்கொண்டிருந்தபோது பால்கனியில் பிடித்த தீ வரிசையாகக் கேபின்களுக்குப் பரவியது. புகையில் ஒரு பயணி இறந்தார். அணையாமல் விழுந்த ஒரு சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை.

நான் 14 வருஷம் பயணிகள் கப்பலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவன். ஒரு பயணத்தில், பெட்டிகளை எக்ஸ்ரேயில் விடும் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள், தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று. போய்ப் பார்த்தால், ஈரிழைத் துண்டில் சுற்றிய காமாட்சி விளக்கு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் நல்லெண்ணெய், மஞ்சள் பையில் பஞ்சுத் திரி. பக்கத்தில் ஓர் அம்மா, பேச்சில்லாமல் நிற்கிறார். அந்த விளக்கு அவருடைய மாமியார் கொடுத்ததாம். கடைசியில் விளக்கைக் கையில் கொடுத்து, எண்ணெயையும் திரியையும் எடுத்துக்கொண்டோம். அந்த அம்மா நாலு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. இதைப் பணம் வாங்கும்போதே ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் வீட்டிலேயே மனசைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பார். டிக்கெட் விற்றவர் சொல்லவில்லை. கமிஷன் கைக்கு வந்ததும் ஏஜென்ட்டின் வேலை முடிந்துவிடுகிறது. கப்பல் கம்பெனியோ தடைப் பட்டியலைப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ஒப்பந்தத்தின் அடியில் போட்டுவிட்டு “நீங்கள் ஒப்புக்கொண்டீர்களே” என்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இத்தனை பெரியவர்கள் ஏறும் கப்பலுக்கு ஒரு பக்கம் தமிழில் அடித்துக் கொடுக்க என்ன கஷ்டம்? வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஏஜென்ட்டிடம் “எல்லாம் எடுத்துக்கலாம்” என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பட்டியல் தானாக வந்துவிடும்.

அம்மாவுக்கு என்ன வழி? பென்சில் செல் போடும் சின்ன விளக்கு கடைகளில் கிடைக்கிறது. கையடக்க சாமி படம், குங்குமம், விபூதி, சின்ன மணி இவற்றுக்குத் தடையில்லை. கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. அதனால் காந்தக் கொக்கி நாலு வாங்கி வைத்துக்கொண்டால் படத்தையும் மாட்டலாம், ஈரத் துண்டையும் காயப்போடலாம். கூரையில் தண்ணீர் தெளிக்கும் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் மட்டும் ஹேங்கரை மாட்டிவிடாதீர்கள், உடைந்தால் அறை முழுக்க வெள்ளம்தான். “அங்கே நிஜ விளக்கு கிடையாது, இந்த விளக்குதான்” என்பதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் வைத்துச் சொன்னால் அவர் கண் கலங்குவதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் கப்பல் ஏற வேண்டியிருக்கும்.

அப்பாவின் தர்ப்பணம். சுற்றிலும் கடல் இருக்கிறதே, அதில் எள்ளும் தண்ணீரும் விட்டால் விசேஷமாயிற்றே என்று தோன்றும். கூடாது. கப்பலிலிருந்து கடலில் பொருளைப் போடுவதை மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் 5ஆம் இணைப்பு கட்டுப்படுத்துகிறது. அதற்கு மேல் கப்பல் கம்பெனிகளின் சொந்த விதி இன்னும் கடுமை: பால்கனியிலிருந்து பூ, காசு, மாலை எதை எறிந்தாலும் குற்றம். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. தாம்பாளத்தில் தர்ப்பணம் விட்டு அந்தத் தண்ணீரை என்ன செய்யலாம் என்பதை உங்கள் வீட்டு வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் துறை இல்லை. நேரம் மட்டும் என் துறை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். புக்கெட் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. செல்போன் அதை மதிக்காது, கரை இறங்கினால் அந்த ஊர் நேரத்துக்குத் தாவிவிடும். அப்பாவிடம் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, ஏறின அன்றே கப்பல் நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். புக்கெட்டில் ஊர் சுற்றப் போனவர்கள் கப்பலைக் கோட்டை விடுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

இனி பெட்டி. பெரிய சூட்கேஸைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அது உங்கள் கேபின் கதவுக்கு வர நாலைந்து மணி நேரம் ஆகலாம், ராத்திரியும் ஆகலாம். எனவே பாஸ்போர்ட், பணம், சார்ஜர், ஒரு செட் மாற்றுத்துணி, மூக்குக்கண்ணாடி, எல்லா மருந்தும் கைப்பையில். எல்லா மருந்தும் என்றால் எல்லாமும்தான். மாலை 6 மணிக்கு ஒரு தாத்தா என் மேசைக்கு வந்து, “தம்பி, என் சுகர் மாத்திரை பெட்டியில் இருக்கு, பெட்டி எங்கே இருக்கு?” என்று கேட்டார். பெட்டி கீழ்த்தளத்தில் இரண்டாயிரம் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது. கப்பல் டாக்டரைப் பார்த்தார். பில் டாலரில் வந்தது. வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு எடுக்காமல் 74 வயதுக்காரரைக் கப்பலில் ஏற்றாதீர்கள். ஏற்கனவே சர்க்கரை இருப்பதைப் படிவத்தில் மறைக்கவும் மறைக்காதீர்கள். “போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்” என்று சொல்லும் ஏஜென்ட் பணம் கேட்கும் நாளில் போன் எடுக்க மாட்டார்.

தூக்க மாத்திரை பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பல குடும்பங்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மாத்திரைகளை 3 மாத அளவுக்குள், அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோனால் சிங்கப்பூரில் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஆல்பிரசோலம், டயஸெபாம், சோல்பிடம் போன்றவை வேறு கணக்கு. இவற்றுக்கு அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எச்.எஸ்.ஏ.விடம் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும். “அரை மாத்திரைதான் போடுகிறார்” என்பது பதிலாகாது. “மதுரையில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்களே” என்பது அதைவிட மோசமான பதில். டாக்டரின் கடிதத்தில் மருந்தின் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் போதாது; அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எதற்காக என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலை முன்னால் போட்டு, பின்னால் போட்டுக் குழப்பாதீர்கள். மாத்திரைகளைப் பிரித்து வாரப் பெட்டியில் கொட்டாமல் அட்டையோடு வையுங்கள். கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். இருமல் மருந்தில் கோடீன் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் இறங்கி ஏறுவதால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். வாங்கிய அனுமதியையும் டாக்டர் கடிதத்தையும் முதல் நாளே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூர் சோதனையில் மாட்டும் இன்னொன்று கசகசா. குருமாப் பொடியில் கசகசா அரைத்துப் போட்டிருந்தால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே அது போதைப்பொருள் துறை கட்டுப்படுத்தும் சரக்கு. புகையிலை கலந்த பாக்குப் பொட்டலம், இ-சிகரெட், சூயிங்கம் எதையும் கொண்டுபோக வேண்டாம்.

வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்; கடையில் வாங்கிய, பிரிக்காத பருப்புப்பொடி, ஊறுகாய், முறுக்கு பாக்கெட் பொதுவாகப் போகும். கரை இறங்கும்போது அவற்றைக் கேபினிலேயே விட்டுவிடுங்கள். சைவச் சாப்பாட்டை ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். “வெஜிடேரியன்” என்று மட்டும் சொல்லாமல் முட்டை, மீன் சாஸ், சிப்பி சாஸ் மூன்றும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எடுத்துவைத்து விடுவார்கள். இறங்கும்போது திரும்பக் கிடைக்கும். மின் ஏற்றத் தடுப்பு (சர்ஜ் புரொடெக்டர்) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. கப்பலின் மின்சார அமைப்பு வீட்டு அமைப்பு மாதிரி இல்லை, அந்தத் தடுப்பே சூடாகித் தீப்பிடிக்கலாம். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில் மட்டும், 20,000 எம்.ஏ.எச். வரை தொந்தரவு இல்லை. கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், கப்பலின் சாட்டிலைட் சிக்னலைப் பிடித்தால் பில் தாங்காது.

விசாவைப் பெட்டிக்குள் வைக்கும் காகிதம் என்றே நினையுங்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையா என்று நீங்களே படித்துப் பாருங்கள்; ஒருமுறை மட்டும் என்றிருந்தால் திரும்பி வரும்போது நடுத்துறைமுகத்தில் நிற்பீர்கள். விசாவுக்கான அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மீதியெல்லாம் ஏஜென்ட்டின் சேவைக் கூலி. கூலி வாங்கட்டும், தப்பில்லை. எவ்வளவு என்று சொல்லி வாங்கட்டும். சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் படிவமான எஸ்.ஜி. அரைவல் கார்டு முழுக்க இலவசம். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில், வந்து சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி வரும்போது மறுபடியும் ஒருமுறை. தேடினால் முதலில் வந்து நிற்பவை பணம் பிடுங்கும் போலித் தளங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் உள்ள இணையப் படிவங்களும் இலவசம்தான். இந்த மூன்றுக்கும் சேர்த்து “டாக்குமெண்டேஷன்” என்று தலைக்கு 3,000 ரூபாய் வாங்கிய ரசீதை நானே பார்த்திருக்கிறேன். தடுக்க ஆளில்லை.

ஏஜென்ட் “ஆல் இன்க்ளூசிவ்” என்றாரா? அதில் கப்பல் ஊழியர் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய கம்பெனிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை, கடைசி நாள் பில்லில் ஏறும்.

கடைசி ராத்திரி சூட்கேஸை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணியையும் காலை மாத்திரையையும் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கப்பல் காபி அப்பா, அம்மாவுக்குப் பிடிக்காது. சின்ன பித்தளை ஃபில்டர், பிரிக்காத காபிப்பொடி பாக்கெட், ஒரு ஃபிளாஸ்க் எடுத்துப் போங்கள். பஃபே தளத்தில் கொதிக்கிற தண்ணீரும் சூடான பாலும் கேட்டால் தருவார்கள். ராத்திரி டிகாக்‌ஷன் இறக்கி வைத்தால் காலையில் அம்மா பூஜை முடிக்கும்போது தயார்.

அப்பாவின் மருந்துச் சீட்டை இன்று சாயங்காலமே எடுத்துப் பாருங்கள். கையெழுத்து புரியவில்லை என்றால் டாக்டரிடம் டைப் அடித்து, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.