டிராகன் புத்தகம்: இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து வாராவாரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் புகுந்து ஆடும் ஆட்டத்தை ஆடுகிறோம். 2024இல் வந்த புதிய விதிகளுக்கு மாறிவிட்டோம். அந்த விதிகளை வைத்து டிராகன்களுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் வரும், வந்ததும் வாங்கலாம் என்று காத்துக்கொண்டே இருக்கிறேன். 2021இல் வந்த ‘ஃபிஸ்பன்ஸ் டிரெஷரி ஆஃப் டிராகன்ஸ்’ கடையில் கிடைக்கிறது. பழையதை வாங்கினால் பணம் வீணாகிவிடுமா?

பதில்: நீங்கள் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரா, கேரக்டர் வைத்து ஆடுகிறவரா என்று எழுதவில்லையே! பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நடத்துகிறவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். 224 பக்கம், ஆறு அத்தியாயம். அதில் ஆட்டக்காரர்களுக்கானவை முதல் இரண்டு மட்டும்தான். மற்ற நான்கும் உங்களுக்கு. 2014இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற அரக்கர்கள் புத்தகத்தில் சிவப்பு, கறுப்பு மாதிரியான ஐந்து நிற டிராகன்களும், தங்கம், வெள்ளி மாதிரியான ஐந்து உலோக டிராகன்களும்தான் இருந்தன. 1980இல் டிராகன் என்ற பத்திரிகையில் முதன்முதலாக வந்த ரத்தின டிராகன்களுக்காக ரசிகர்கள் 2014இலிருந்து ஏழு வருடம் காத்திருந்தார்கள். 2014இல் தொடங்கிய ஐந்தாம் பதிப்பின் விதிகளுக்கு அவை இந்தப் புத்தகத்தில்தான் முழுமையாக வந்தன. 2024 விதிகளுக்கான மான்ஸ்டர் மேனுவலிலும் அவை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது குகைகளும் புதையல்களும் பற்றிய பகுதி. டிராகன் படுத்துக்கிடக்கும் பொற்குவியலில் பல காலம் ஊறிய ஒரு மந்திரப் பொருளுக்கு நான்கு நிலைகள். முதலில் அது உறங்குகிறது, பிறகு அசைகிறது, அப்புறம் விழிக்கிறது, கடைசியில் உச்சத்தை எட்டுகிறது. உங்கள் குழு ஒரு டிராகனை வென்று, அதன் புதையலில் தங்கள் வாளை ஊறவைத்து எடுத்தால் வாளின் சக்தி ஏறும். சின்ன டிராகனிடம் தொடங்கி பெரிய டிராகன்வரை பல வாரம் தொடரும் ஒரு முழுக் கேம்பெயினையும் இந்த ஒரு யோசனையை வைத்தே ஓட்டலாம். அடுத்து வரும் பகுதியில் இருபது வகை டிராகன்கள். ஒவ்வொன்றுக்கும் குணம், குறிக்கோள், புதையல், கதைக்கான தொடக்கங்கள், குகையின் வரைபடம் எல்லாம் உண்டு. விதிகள் மாறினால் சண்டைக்கான எண்கள் பழசாகலாம். குகை வரைபடத்துக்கும் குணத்துக்கும் அந்தக் கவலை இல்லை. சிவப்பு டிராகனின் எண்களைப் புதிய மான்ஸ்டர் மேனுவலிலிருந்து எடுத்துக்கொண்டு, அதன் குணத்தையும் குகையையும் இதிலிருந்து எடுத்தால் சரி.

ஆட்டக்காரர் என்றால் அவசரப்பட வேண்டாம். ஆட்டக்காரர்களுக்கான 2024 விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் டிராகன்பார்ன் என்ற டிராகன் வம்சத்துக் கேரக்டர் ஐந்தாம் லெவலிலேயே பறக்கிறது. டிராகனை வரவழைக்கும் மந்திரமும் அதிலேயே இருக்கிறது. பழைய புத்தகத்தில் உங்களுக்கு மிச்சம் இருப்பவை குட்டி டிராகனோடு திரியும் ரேஞ்சர் (காட்டு வீரர்), டிராகனின் வழியில் போகும் மாங்க் (துறவிப் போராளி) என்ற இரண்டு பிரிவுகள், ரத்தின வகை டிராகன்பார்ன், சில மந்திரங்கள், ஃபீட் எனப்படும் சிறப்புத் திறன்கள் மூன்று. வெளியானபோது விலை 49.95 டாலர். இதற்காக மட்டும் அவ்வளவு கொடுப்பது அதிகம். குழுவில் ஒருவர் வாங்கினால் அவரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள், பழைய பிரிவைப் புதிய விதிகளில் அனுமதிப்பாரா என்று மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: புதிய டிராகன் புத்தகம் அறிவிக்கப்பட்ட அன்றே முன்பதிவு செய்யாவிட்டால் கிடைக்காமல் போய்விடுமா?

பதில்: சாதாரண அட்டைக்கு அந்தப் பயம் வேண்டாம். ஃபிஸ்பன் புத்தகம் வெளியாகி இத்தனை வருடமாகியும் கடையில் கிடைப்பதை முதல் கேள்வி கேட்டவரே சொல்லியிருக்கிறார். மாற்று அட்டைதான் வேறு கதை. ஃபிஸ்பனுக்கு அனாட்டோ ஃபின்ஸ்டார்க் வரைந்த அட்டை கேம் கடைகளுக்கு மட்டுமே போனது. அப்படி ஓர் அட்டைமீது ஆசை இருந்தால் பக்கத்துக் கேம் கடையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தவறவிட்டால் மறுவிற்பனையாளர் கேட்கும் விலைக்குத்தான் வாங்க வேண்டிவரும். தேதியையும் கல்வெட்டாக நினைக்காதீர்கள், 2021 அக்டோபர் 19 என்று சொன்னது 26க்குத் தள்ளிப்போனது.

இன்னொன்று. அட்டையில் டிராகன் இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். 2025 ஜூலையில் வந்த ‘டிராகன் டெல்வ்ஸ்’ பத்துக் குட்டி சாகசங்களின் தொகுப்பு. மாஸ்டருக்கு நல்ல புத்தகம்தான், மூன்று சாகசங்களை ஒரே ஓர் ஆட்டக்காரரை வைத்தும் நடத்தலாம். ஆனால் புது கேரக்டர் செய்யும் ஆசையோடு அதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

கேள்வி: அச்சுப் புத்தகமா, இந்த ஆட்டத்தின் அதிகாரபூர்வத் தளமான டி அண்ட் டி பியாண்டின் டிஜிட்டல் பிரதியா?

பதில்: கடையில் வாங்கும் அச்சுப் பிரதிக்குள் டிஜிட்டல் குறியீடு எதுவும் இருக்காது. இரண்டும் வேண்டும் என்றால் அந்தத் தளத்திலேயே சேர்த்து விற்கும் தொகுப்பாகப் பாருங்கள். முன்பெல்லாம் ஒரு புத்தகத்திலிருந்து ஒரே ஒரு மந்திரத்தையோ பிரிவையோ தனியாக வாங்க முடிந்தது. 2024இல் அதை நிறுத்திவிட்டார்கள். எனவே குழுவில் ஒருவர் அந்தத் தளத்தின் ‘மாஸ்டர்’ நிலைச் சந்தா எடுத்து, வாங்கியதை மற்றவர்களோடு பகிர்வதுதான் மலிவு. சந்தாவை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இப்போதைக்குக் கையில் காசு இல்லை என்றால், ஆட்டத்தை வெளியிடும் நிறுவனமே இலவசமாகத் தரும் எஸ்ஆர்டி என்ற விதித் தொகுப்பைப் பதிவிறக்குங்கள். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் விட்ட 5.1 பதிப்பில், நிற டிராகன்கள், உலோக டிராகன்கள் பத்தும் குஞ்சு முதல் கிழ டிராகன்வரை நான்கு வயதுகளில் இருக்கின்றன. 2024 விதிகளுக்கான 5.2 பதிப்பு 2025 ஏப்ரலில் வந்தது, உங்கள் குழுவுக்கு அதுதான் பொருத்தம்.