எல்லாம் முன்பே சொல்லியாயிற்றா?

கேள்வி: நீல் ஸ்டீவன்சனின் 'அனாதெம்' நாவலில் லோரைட்டுகள் என்றொரு சிறு குழு வருகிறது. மனித மூளைக்கு எட்டக்கூடிய எல்லாச் சிந்தனையும் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது அவர்கள் கொள்கை. திருக்குறளும் தொல்காப்பியமும் வைத்திருக்கிற நமக்கு இது புதிதா? பிறகு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் ஏன் மாய்ந்து மாய்ந்து ஆய்வு செய்ய வேண்டும்?
(வாசகர், கல்லடி)

பதில்: கொள்கையைச் சரியாகச் சொன்னீர்கள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள்.

2008இல் வந்த அந்த நாவலில் அறிவாளர்கள் மதிலுக்குள் துறவிகள்போல வாழ்கிறார்கள். சிலருக்கு வெளிக்கதவு ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும், சிலருக்கு ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை. அங்கே, இந்தக் கொள்கையை முதலில் சொன்ன லோராவின் வழிவந்த லோரைட்டுகள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. சிந்தனையின் வரலாற்றையே படிப்பாகக் கொண்டவர்கள் அவர்கள். புதிதாக ஒன்று கண்டேன் என்று ஒருவர் வந்தால், இதை முன்பு யோசித்தவர் இன்னார் என்று எடுத்துக் கொடுப்பார்கள். செய்ததையே திரும்பச் செய்து காலம் வீணாகக் கூடாது என்பதற்காக.

'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்கிறவர்களிடம் எந்தக் குறள், எந்த நூற்பா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். படிக்காமல் சொல்லும் சலுகை லோரைட்டுக்குக் கிடையாது. அவர்கள் கொள்கைக்கே முன்னோடி உண்டு: 'சூரியனுக்குக் கீழே நூதனமானது ஒன்றுமில்லை' என்று விவிலியத்தின் பிரசங்கி எப்போதோ சொல்லிவிட்டார்.

சரி, உங்கள் கல்லடியிலேயே அடங்கியிருக்கும் விபுலாநந்த அடிகளை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வருவது 25 அடிகள். அவை நூற்றாண்டுகளாக அங்கேயே இருந்தன, பழைய உரையும் இருந்தது. விஞ்ஞானம் படித்த காரைதீவுத் துறவி அவற்றோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, நரம்புகளின் சுருதி அளவுகளைக் கணித்தார். 'யாழ்நூல்' 1947இல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். எல்லாம் இளங்கோ சொல்லிவிட்டார் என்று அவர் இருந்திருந்தால், வழக்கொழிந்த யாழைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்? லோராவோடு நான் முரண்படுவதும் இதில்தான். பழைய அடியும் புதுக் கணக்கும் சேர்ந்தபோது கிடைத்தது எந்த ஏட்டிலும் முன்பு இருந்ததில்லை.

பிள்ளைகளிடமும் குறை உண்டு. கூத்தைப் பற்றி ஆய்வேடு எழுதி, முன்னுரையில் 'இதுவரை எவரும் தொடாத துறை' என்று போடுகிறவர், வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இலேயே வந்துவிட்டதைப் பார்த்தாரா? மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' நூலைப் புரட்டினாரா? ஆய்வேட்டை ஏற்குமுன் பக்கத்தில் ஒரு லோரைட் உட்கார்ந்திருப்பது நல்லது.

அந்த வேலைக்கு நீங்களே வரலாம். எல்லாம் முன்பே சொல்லப்பட்டது என்று நம்புகிறீர்கள் அல்லவா? யார் சொன்னார், எந்தப் பக்கத்தில் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுங்கள்.