அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு வானொலி வர்ணனையாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

பெரும்பாலும் சின்ன ஊர் நிலையத்தில், பள்ளி ஆட்டங்களை வர்ணிப்பதில் தொடங்கும். நல்ல உதாரணம் காவுட் லெட்ஃபோர்ட். கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரி ஊரான ஹார்லனில் பள்ளி ஆட்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தவர், 1953 முதல் 1992 வரை 39 ஆண்டுகள் கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் குரலாக இருந்தார்.

ஆட்டம் தொடங்கும்போது, "நம்ம அணி உங்கள் வானொலி டயலில் இடமிருந்து வலமாக ஆடுகிறது" என்ற பொருளில் சொல்வார். அவ்வளவுதான், வீட்டில் கண்ணை மூடிக் கேட்பவருக்கும் அணி எந்தப் பக்கம் நோக்கி ஆடுகிறது என்று தெரிந்துவிடும். இந்தத் தொழிலின் உயிர்நாடியே இதுதான் என்பேன். பந்து யாரிடம், எந்த இடத்தில், ஸ்கோர் என்ன, இன்னும் எவ்வளவு நேரம் என்பதை விடாமல் சொல்லவேண்டும். குரல்வளமெல்லாம் அப்புறம்தான்.

சம்பளம் ஊருக்கு ஊர் மாறும். பலர் விளம்பர விற்பனை, செய்தி வாசிப்பு என்று வேறு வேலையும் சேர்த்தே பார்க்கிறார்கள். லெட்ஃபோர்ட் குதிரைப் பந்தயமும் வர்ணித்தார்.

கென்டக்கி அணிக்காக அவர் வர்ணித்த கடைசி ஆட்டம், 1992இல் எதிரணியான டியூக் பல்கலைக்கழக அணி கடைசி நொடியில் 104-103 என்று வென்ற அந்தப் போட்டி. வென்ற பயிற்சியாளர் ஷஷெஃப்ஸ்கி, நேராக லெட்ஃபோர்டின் மேசைக்கே வந்து பாராட்டிவிட்டுப் போனார்.