யானை வந்தபின் யாரைக் கேட்பது?

மலேசிய வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரிக்பீல்ட்ஸ் ஞாயிறு சந்திப்பில் பலர் கேட்டவையும் என் பதில்களும்.

ஐயா, குளுவாங்கில் அப்பா நட்ட செம்பனைக் கண்டுகளை யானை பிடுங்கிவிட்டது. பெரிய மரங்களைத் தொடவில்லையே?

கண்டின் குருத்துதான் அதற்கு வேண்டும். செம்பனையைச் சுமார் 25 வருடத்துக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்கிறோம். பக்கத்துப் பெரிய தோட்டம் மறுநடவு செய்யும்போது யானைக் கூட்டம் அங்கே வரும். அவர்கள் வேலி போட்டதும் உங்கள் பக்கம் திரும்பும். அடுத்த மறுநடவு எப்போது என்று அந்த மேனேஜரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

பிடித்துக் காட்டில் விட்டால் தீர்ந்ததுதானே, அண்ணே?

1974 முதல் பெர்ஹிலித்தான் இலாகா அதைத்தான் செய்கிறது. பகாங்கில் கோலகண்டா யானைப் பாதுகாப்பு முகாமின் பழக்கிய யானைகளை வைத்துக் காட்டு யானையை லோரியில் ஏற்றி, தாமான் நெகாரா காட்டிலோ பெலும் காட்டிலோ விடுவார்கள். சில திரும்பி வந்துவிடும். சில புது இடத்தில் வேறு கம்பத்துக்குள் (கிராமத்துக்குள்) நுழையும். செமினியில் உள்ள நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யானைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டி, அவை போகும் இடத்தைப் பார்த்தார்கள். புல்லும் மூங்கிலும் இளந்தழையும் கிடைக்கும் காட்டோரம்தான் யானைக்குப் பிடிக்கிறது. அடர்காட்டில் விட்டாலும் அது ஓரம் தேடி வரத்தான் செய்யும். இடமாற்றம் கடைசி வழி என்பது என் கருத்து.

சுங்கை சிப்புட் பக்கம் மின்வேலி இருந்தும் நுழைந்ததே?

புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். மரத்தைச் சாய்த்தும் யானை வேலியை உடைக்கும். வேலி போடும் நாளில் எல்லாரும் வருவார்கள், புல் வெட்டும் நாளில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்! வீட்டுக்கு வீடு முறை வைத்து, மாதா மாதம் கொஞ்சம் காசு சேர்க்கிற கிராமத்தில்தான் வேலி நிற்கும். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுத்துவிடாதீர்கள், ஆள் செத்துப்போவார்.

பட்டாசு?

முதலில் ஓடும். அப்புறம் பழகிவிடும். குட்டியோடு நிற்கும் தாயிடம் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நம் அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் கையில்; வனவிலங்குப் பாதுகாப்பு மத்திய, மாநில அரசுகளின் பொதுப் பட்டியலில். காட்டை அழிக்கக் கையெழுத்துப் போடுவது ஓர் அலுவலகம், யானை வந்தபின் ஓடி வருவது வேறோர் அலுவலகம். துண்டான காடுகளை இணைக்க மத்திய வனத் தொடர் என்ற திட்டம் இருக்கிறது. ஆனால் நிலத்தை ஒதுக்க வேண்டியது மாநிலம். இலாகாவுக்குப் போன் போடுங்கள், சரி. உங்கள் சட்டமன்ற உறுப்பினரையும் கேளுங்கள்: காட்டோரத்தில் அடுத்து எந்த நிலத்தைக் கொடுக்கப் போகிறீர்கள்?

பினாங்கிலிருந்து கிளந்தானுக்கு இரவில் கார் ஓட்டலாமா?

கிரிக்–ஜெலி சாலை யானை கடக்கும் இடம். 2025 மே மாதம் அங்கே லோரியில் அடிபட்டு ஒரு குட்டி இறந்தது. தாய் பல மணி நேரம் அந்த லோரியை விட்டு நகரவே இல்லை. முடிந்தால் பகலில் போங்கள். யானை எதிரே நின்றால் ஹாரன் அடிக்காமல், பெரிய லைட் போடாமல், மெதுவாகப் பின்னால் எடுங்கள். படம் எடுக்க இறங்காதீர்கள்.